வழக்குக் கட்டுக்குள் ஒரு அரசி

எட்டாம் ஹென்றியின் நான்காம் மனைவி ஆன் ஆஃப் கிளீவ்ஸைப் பற்றி உலகம் அறிந்த கதை சிறியது. ஓவியத்தில் அழகாக இருந்தார். நேரில் பார்த்த ராஜாவுக்குப் பிடிக்கவில்லை. ஆறு மாதத்தில் தள்ளி வைத்தார். இந்தக் கதைக்கு மூலமான ஆவணங்களைத் தேதிவாரியாக அடுக்கினால் ஒன்று உடனே தெரியும். அவரது உடலைப் பற்றிய நிந்தனைகளில் ஏறத்தாழ எல்லாமே 1540 ஜூன் கடைசிக்கும் ஜூலை இரண்டாம் வாரத்துக்கும் இடையில் எழுதப்பட்டவை. அதாவது, அந்தத் திருமணம் செல்லாது என்று திருச்சபை மன்றத்தின் முன் நிரூபிப்பதற்காகத் திரட்டப்பட்ட வாக்குமூலங்கள். எழுதியவர்கள் எல்லோரும் அரசரின் சம்பளக்காரர்கள். அவர்களில் முக்கியமான சாட்சியான, அதுவரை அரசரின் முதன்மை அமைச்சராக இருந்த தாமஸ் குரோம்வெல் லண்டன் டவர் சிறையில் இருந்தபடி, தலை தப்பாதா என்ற நப்பாசையில், ஜூன் 30 அன்று எழுதிக் கொடுத்தார்.

விவாகரத்து வழக்கில் ஒரு தரப்பு மட்டும் தாக்கல் செய்த மனுவைப் படித்துவிட்டு மறு தரப்பின் குணத்தையும் தோற்றத்தையும் முடிவு செய்வோமா? ஆன் விஷயத்தில் கிட்டத்தட்ட ஐந்நூறு ஆண்டுகளாக அதைத்தான் செய்துவருகிறோம்.

ஆன் 1515இல் பிறந்தவர். அப்பா யோஹான், கிளீவ்ஸின் கோமகன். அம்மா மரியா, யூலிஷ், பெர்க் நாடுகளின் வாரிசு. இருவரின் திருமணத்தால் ரைன் நதியின் கீழ்ப் பகுதியில் அடுத்தடுத்து இருந்த சிறு நாடுகள் ஒரே குடும்பத்தின் கைக்கு வந்தன. ஆக, திருமணம் என்பது நிலம் சேர்க்கும் வழி என்பதை ஆன் பிறந்த வீட்டிலேயே கண்டவர். அக்கா சிபில் 1527இல் சாக்சனியின் யோஹான் பிரெடரிக்குக்கு வாழ்க்கைப்பட்டார். லூத்தரைப் பின்பற்றிய ஜெர்மானிய அரசர்களின் கூட்டணிக்குப் பின்னாளில் தலைமை தாங்கியவர் இந்த யோஹான் பிரெடரிக். அதே ஆண்டில் பன்னிரண்டு வயதுகூட நிரம்பாத ஆனை லொரெய்ன் கோமகனின் மகனுக்கு நிச்சயம் செய்தார்கள். பையன் அவரைவிடச் சின்னவன். 1530களின் நடுவில் அந்த நிச்சயம் கைவிடப்பட்டது. அப்போது அது யாருக்கும் பெரிதாகப் படவில்லை. பின்னால் அதுவே ஆயுதமானது.

அம்மா கண்டிப்பான கத்தோலிக்கர். மகள்களைத் தன் முழங்கைக்குப் பக்கத்திலேயே வைத்து வளர்த்தார். பெண் பார்க்க இங்கிலாந்திலிருந்து போன தூதர் நிக்கலஸ் வாட்டன் 1539 ஆகஸ்டில் அனுப்பிய அறிக்கையில் இதெல்லாம் இருக்கிறது. ஆனுக்குத் தாய்மொழி எழுதப் படிக்கத் தெரியும். பிரெஞ்சு, லத்தீன் தெரியாது. பாடவோ வாத்தியம் வாசிக்கவோ தெரியாது, காரணம் உயர்குலப் பெண்கள் அதைக் கற்பதை அந்த ஊரில் இலேசான நடத்தையாக நினைத்தார்கள். பெரும்பாலும் ஊசியும் நூலுமாகப் பொழுது போகிறது. வாட்டன் எதையும் மறைக்கவில்லை. மாப்பிள்ளையோ சொந்தமாக மெட்டுப் போட்டவர், வீணையைப் போன்ற லூட் வாசித்தவர், அரண்மனையில் இசைக் கலைஞர்களைச் சம்பளத்துக்கு வைத்திருந்தவர். ஜாதகப் பொருத்தம் பார்ப்பவர்களைக் கேட்டிருந்தால்கூட இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்றிருப்பார்கள்.

ஆனால் ஹென்றிக்கு அன்று வேண்டியிருந்தது பொருத்தம் பார்த்த மனைவி அல்ல, கூட்டாளி நாடு. மூன்றாம் மனைவி ஜேன் சீமோர் 1537 அக்டோபரில், மகன் எட்வர்டைப் பெற்ற பன்னிரண்டாம் நாள் இறந்துவிட்டார். ஒரே ஒரு ஆண் வாரிசு போதாது என்று அரசவை நினைத்தது. பிரெஞ்சுக் குடும்பத்தில் மேரி ஆஃப் கீஸைப் பெண் கேட்டார்கள். அவர், ஹென்றியின் அக்கா மகனான ஸ்காட்லாந்து அரசர் ஐந்தாம் ஜேம்ஸை மணந்துகொண்டார். மிலானின் இளம் விதவை கிறிஸ்டினாவைக் கேட்டார்கள், அதுவும் தட்டிப்போனது. இதற்கிடையே 1538இல், சதா சண்டையிட்டுக்கொண்டிருந்த பேரரசர் ஐந்தாம் சார்லஸும் பிரான்சின் முதலாம் பிரான்சுவாவும் சமாதானமானார்கள். ஆண்டின் இறுதியில் போப் மூன்றாம் பால், ஹென்றியைச் சபையிலிருந்து விலக்கும் ஆணையை வெளியிட்டார். மூன்று பேரும் சேர்ந்து இங்கிலாந்தின் மேல் படையெடுத்தால் என்ன செய்வது? தென்கடற்கரை நெடுகக் கோட்டைகள் எழும்பின. குரோம்வெல் ஜெர்மனி பக்கம் பார்வையைத் திருப்பினார்.

கிளீவ்ஸ் அந்தத் தேவைக்குக் கச்சிதமாக இருந்தது. லூத்தரன் நாடு அல்ல. எராஸ்மஸின் கருத்துகளை ஒட்டிய நடுவழி. ஹென்றி தன் நாட்டில் நிறுவியிருந்த ரோம் இல்லாத கத்தோலிக்கத்துக்கு அது அதிக தூரமில்லை. ஆனின் தம்பி வில்ஹெல்ம் 1538இல் கெல்டர்ஸ் நாட்டையும் பெற்றிருந்தார். அது தனக்குரியது என்று பேரரசர் சார்லஸ் உரிமை கொண்டாடினார். எனவே கிளீவ்ஸுக்கும் பாதுகாப்புத் தேவைப்பட்டது. 1539 அக்டோபர் 4 அன்று திருமண ஒப்பந்தம் கையெழுத்தானது. சீதனம் 100,000 ஃபுளோரின்.

நடுவில் அந்தப் பிரசித்தி பெற்ற படம். அரசவை ஓவியர் ஹான்ஸ் ஹோல்பைன் 1539 ஆகஸ்டில் டியூரன் நகரத்துக்குப் போய் ஆனையும் தங்கை அமாலியாவையும் வரைந்தார். ஆனின் படம் இப்போது பாரிஸின் லூவ்ரில் இருக்கிறது. ஏறக்குறைய 65 சென்டிமீட்டர் உயரம்; தோல்காகிதத்தில் வரைந்து பின்னர் துணியில் ஒட்டப்பட்டது. நேர்ப்பார்வை, தாழ்ந்த இமைகள், மடித்த கைகள். பொன்னும் முத்தும் தைத்த உடையிலும் தலையணியிலும் ஓவியர் செலவிட்ட உழைப்பு முகத்தில் செலவிட்டதைவிட அதிகமோ என்று தோன்றும். படத்தைப் பார்த்த வாட்டன் அச்சு அசலாக இருக்கிறது என்று எழுதினார். அவர் ஆனை நேரில் பார்த்துப் பழகியவர். ஹோல்பைன் ராஜாவை ஏமாற்றினார் என்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அவருக்குத் தண்டனை எதுவும் கிடைக்கவில்லை. 1543இல் இறக்கும்வரை அரசரின் ஓவியராகவே இருந்தார். ஆனைப் பற்றிப் புகழ்ந்து பேசியவர்களைக் கடிந்துகொண்ட ஹென்றி, படத்தைக் குறை சொன்னதாகப் பதிவு இல்லை. ‘ஃபிளாண்டர்ஸ் குதிரை’ என்று அவர் ஆனைக் கேலி செய்ததாகச் சொல்வதும் அவர் காலத்து ஆவணங்களில் கிடையாது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாதிரியார் கில்பர்ட் பர்னெட் எழுதிய வரலாற்றின் வழியாகப் பரவியது.

நவம்பரில் ஆன் புறப்பட்டார். உடன் 263 பேர், 228 குதிரைகள். பேரரசரின் நிலத்தைக் கடக்க அனுமதிச் சீட்டு வாங்கி, ஆன்ட்வெர்ப் வழியாக, டிசம்பர் 11 அன்று அப்போது இங்கிலாந்தின் வசமிருந்த கலே துறைமுகத்தை அடைந்தார். காற்று எதிராக வீசியதால் இரண்டு வாரத்துக்கு மேல் அங்கேயே காத்திருப்பு. இந்தக் காத்திருப்பில் நடந்த ஒன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. வரவேற்க வந்திருந்த கடற்படைத் தலைவர் சவுத்தாம்ப்டன் பிரபுவிடம், ராஜாவுக்குப் பிடித்த ஒரு சீட்டாட்டத்தைச் சொல்லித்தரும்படி ஆன் கேட்டார். மொழி தெரியாத இடத்தில் உட்கார்ந்து கணவரின் விருப்பம் என்ன என்று தேடிய பெண் அவர். ஆங்கிலேயப் பிரபுக்களைச் சாப்பாட்டுக்கும் அழைத்தார், தங்கள் ஊரில் அதுதான் வழக்கம் என்று சொல்லி. அப்போது அவரைப் புகழ்ந்து கடிதம் போட்ட சவுத்தாம்ப்டன் ஜூலையில் எதிர்ச்சாட்சி சொன்னார்.

1540 புத்தாண்டு தினம், ராச்செஸ்டர். நிச்சயித்த பெண்ணை முறைப்படி சந்திக்க இரண்டு நாள் பொறுத்திருக்கலாம், ஹென்றி பொறுக்கவில்லை. பழைய வீரக் காதல் கதைகளில் வருவதுபோல் மாறுவேடத்தில் ஐந்தாறு தோழர்களுடன் புகுந்தார். நாயகி மாறுவேடத்தை ஊடுருவி நாயகனை அடையாளம் காண வேண்டும், அதுதான் ஆட்டத்தின் விதி. ஆனுக்கு அந்த ஆட்டமே தெரியாது. அவர் ஜன்னல் வழியாக முற்றத்தில் நடந்த காளைச் சண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ ஒரு பருத்த, 48 வயது ஆள் வந்து அணைத்து முத்தமிட்டு, ராஜா கொடுத்தனுப்பிய பரிசு என்று எதையோ நீட்டினார். ஆன் கலங்கினார், பெரிதாகப் பொருட்படுத்தாமல் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஹென்றி பக்கத்து அறைக்குப் போய் ஊதா வெல்வெட் அங்கியை மாட்டிக்கொண்டு திரும்பினார். அறையில் இருந்த பிரபுக்கள் மண்டியிட்டபோதுதான் ஆனுக்கு விஷயம் புரிந்தது.

இதன் பிறகு என்ன நடந்தது என்பதில் சாட்சிகள் பிரிகிறார்கள். அந்தக் காலத்தில் நாள்வழிக் குறிப்பு எழுதிய சார்லஸ் ரியாத்ஸ்லி, இருவரும் அன்பாகப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்கிறார். ஆறு மாதம் கழித்து வாக்குமூலம் கொடுத்த ஆன்டனி பிரவுன், அரசர் முகம் கறுத்துப் போனார், இருபது வார்த்தைகூடப் பேசவில்லை, கொண்டுவந்த உரோமத்தோல் பரிசைக்கூட நேரில் கொடுக்காமல் மறுநாள் ஆள் மூலம் அனுப்பினார் என்கிறார். எனக்குத் தோன்றுவது இது: வெறுப்பு உண்மையாக இருக்கலாம், ஆனால் அதன் மூலம் ஆனின் முகத்தில் இல்லை. தன்னை யாரென்று சொல்லாமல் நின்ற ஹென்றியை முதல்முறையாக ஒரு பெண் வெறும் பருத்த கிழவராகப் பார்த்துவிட்டார், அதுவும் அவருடைய ஆட்களின் எதிரிலேயே. அதை மன்னிக்கிற மனிதர் இல்லை அவர்.

வழக்குக்கு வெளியே உள்ள சாட்சிகளையும் கேட்போம். பிரெஞ்சுத் தூதர் மாரியாக்குக்கு ஆனைப் புகழவோ இகழவோ காரணம் இல்லை. உயரம், மெலிவு, நடுத்தர அழகு, வயது முப்பது போலத் தெரிகிறது, முகத்தில் உறுதி இருக்கிறது என்று எழுதினார். (ஆனுக்கு அப்போது 24.) உடன் வந்த ஜெர்மானியப் பெண்களின் உடையைத்தான் அவர் மிகவும் கேலி செய்தார். ஜனவரி 3 அன்று பிளாக்ஹீத்தில் நடந்த வரவேற்பை எழுதிய எட்வர்ட் ஹால், நீண்ட பொன்னிறக் கூந்தலையும் முக லட்சணத்தையும் பாராட்டுகிறார். உடலில் துர்நாற்றம், தளர்ந்த மார்பு, கன்னித்தன்மையில் சந்தேகம் போன்றவை எல்லாம் ஹென்றி தன் அந்தரங்க அலுவலர்களிடமும் வைத்தியர்களிடமும் சொன்னதாக ஜூலையில் அவர்கள் ஒப்பித்தவை.

திருமணம் ஜனவரி 6 அன்று கிரீனிச் அரண்மனையில் நடந்தது. பேராயர் கிரான்மர் நடத்திவைத்தார். அதற்கு முன் ஹென்றி இரண்டு நாள் இழுத்தடித்தார். லொரெய்ன் நிச்சயதார்த்தம் முறைப்படி முறிக்கப்பட்டதற்கு ஆதாரம் எங்கே என்று கிளீவ்ஸ் தூதர்களைக் குடைந்தார்கள். கையில் பத்திரம் இல்லை. வரும்வரை நாங்களே பிணையாக இருக்கிறோம் என்றார்கள் அவர்கள். தான் யாருக்கும் கட்டுப்பட்டவள் அல்ல என்று ஆனும் எழுதிக் கொடுத்தார். தப்ப வழியில்லை. சார்லஸ் அந்த வாரம்தான் பாரிஸில் பிரான்சுவாவின் விருந்தாளியாக இருந்தார்; இந்த நேரத்தில் கிளீவ்ஸைப் பகைத்தால் இங்கிலாந்து தனித்து நிற்க வேண்டும். உலகத்துக்காகவும் நாட்டுக்காகவும் மட்டுமே இதைச் செய்கிறேன் என்று முணுமுணுத்தபடி ராஜா மணமேடைக்குப் போனார். முடிசூட்டு விழா பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போனது; கடைசிவரை நடக்கவில்லை.

தாம்பத்தியம் நடக்கவில்லை என்பதில் சந்தேகப்பட இடமில்லை. யாரால் நடக்கவில்லை என்பதுதான் கேள்வி. 1536இல் இரண்டாம் மனைவி ஆன் பொலினின் வழக்கையொட்டி நடந்த தன் விசாரணையில் அவர் சகோதரர் ஜார்ஜ், அரசரின் ஆண்மை பற்றி ஆன் பொலின் சொன்னதாகக் கூறப்பட்டதை எல்லோர் முன்னிலையிலும் வாசித்துக் காட்டிவிட்டார். அந்த அவமானம் நான்கு ஆண்டுகளில் ஆறிவிடாது. எனவே 1540இல் வைத்தியர் பட்ஸ் ஒரு விஷயத்தைக் கவனமாகப் பதிவு செய்தார்: மற்றப் பெண்களிடம் அரசருக்கு இயலும், இந்த ஒரு பெண்ணிடம்தான் இயலவில்லை. இந்த வாதம் நிற்க வேண்டுமானால் குறை பெண்ணின் உடலில் இருந்தாக வேண்டும். அந்த உடலை இழிவுபடுத்தும் விவரங்கள் ஏன் அத்தனை தாராளமாகச் சேர்க்கப்பட்டன என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இன்னொரு வாக்குமூலமும் உண்டு. ரட்லண்ட், ராச்ஃபோர்ட், எட்ஜ்கம்ப் ஆகிய மூன்று சீமாட்டிகள், ஆன் தங்களிடம் மனம் விட்டுப் பேசியதாகச் சொன்னது. ராஜா இரவில் முத்தமிட்டு நல்லிரவு சொல்கிறார், காலையில் முத்தமிட்டு விடைபெறுகிறார், இது போதாதா என்று கேட்டாராம். இதை வைத்து ஆன் ஒன்றும் அறியாத பேதை என்று பலரும் எழுதிவிட்டார்கள். ஆறு மாதத்துக்கு முன் ஒரு சொல்கூட ஆங்கிலம் தெரியாதவர் இவ்வளவு நாசூக்கான உரையாடலை ஆங்கிலத்தில் நடத்தினார் என்பதை நம்புவது கடினம். வழக்குக்கு எது தேவையோ அதை இந்த உரையாடல் அப்படியே தருகிறது. ஆனை மட்டும் மன்றம் சாட்சியாக விசாரிக்கவே இல்லை.

வசந்தத்துக்குள் காற்று திசை மாறிவிட்டது. சார்லஸும் பிரான்சுவாவும் மறுபடி முறைத்துக்கொண்டார்கள். கெல்டர்ஸுக்காகச் சார்லஸ் போர் தொடுத்தால் மைத்துனருக்காக ஹென்றி களம் இறங்க வேண்டிவரும். கூட்டணி பாரமாகிவிட்டது. அரசியின் தோழிப் பெண்களில் ஒருவரான கேத்தரின் ஹோவர்டின் மேல் ராஜாவுக்குக் கண் விழுந்தது. அவருடைய பெரியப்பா நார்ஃபோக் கோமகன் குரோம்வெல்லின் பரம எதிரி. ஏப்ரலில் எசெக்ஸ் பிரபு பட்டம் பெற்ற குரோம்வெல் ஜூன் 10 அன்று கைதானார். ஜூன் 24 அன்று ஆன் ரிச்மண்ட் அரண்மனைக்கு அனுப்பப்பட்டார்.

ஜூலை 6 அன்று அரசரின் ஆட்கள் அங்கே வந்து, திருமணம் செல்லுமா என்று விசாரிக்கச் சம்மதம் கேட்டார்கள். அவர் முகபாவம் மாறாமல் ஒப்புக்கொண்டார் என்று ஆங்கிலேய அதிகாரிகள் எழுதினார்கள். கல்லும் கரையும்படி அழுதார் என்று கிளீவ்ஸ் தூதர் கார்ல் ஹார்ஸ்ட் எழுதினார். நான் ஹார்ஸ்டை நம்புகிறேன். அதிகாரிகள் சொன்னதும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அவர்கள் எதிரில் அழாமல் இருக்கும் அளவுக்கு ஆனுக்கு நிலைமை தெரியும். முதல் மனைவி அராகனின் கேத்தரின் கடைசிவரை பணியாமல் நின்று, மகளைப் பார்க்கவும் அனுமதியின்றி 1536இல் கிம்போல்டனில் செத்தார். இரண்டாமவரின் தலை அதே ஆண்டு மே மாதம் துண்டிக்கப்பட்டது.

ஜூலை 9 அன்று தீர்ப்பு. லொரெய்ன் நிச்சயம், அரசரின் மனமார்ந்த சம்மதம் இன்மை, தாம்பத்தியம் நடவாமை என்று மூன்று காரணங்கள். ஒன்று உறுதியாக இருந்தால் மூன்று தேவைப்பட்டிருக்காது. அரசியாக இருந்தது ஆறு மாதமும் மூன்று நாளும். ஜூலை 11 அன்று ஆன் ஹென்றிக்கு எழுதிய சம்மதக் கடிதத்தில் தன்னை அவருடைய தங்கை என்று குறிப்பிட்டுக் கையொப்பமிட்டார். திருமண மோதிரத்தைத் திருப்பி அனுப்பி, மதிப்பில்லாத பொருள், உடைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். இந்த ஒரு வரியில் இருக்கும் காரம் அவர் பேதை இல்லை என்று காட்டப் போதும். ஹென்றிக்கு இதுவும் போதவில்லை. பெண் புத்தி மாறிவிடும் என்று சொல்லி, தம்பிக்கும் தாய்மொழியில் ஒரு கடிதம் எழுத வைத்தார்.

ஈடாகக் கிடைத்தது பெரிய சொத்து: ரிச்மண்ட், பிளெச்சிங்லி, ஆன் பொலின் குடும்பத்தின் ஹீவர் கோட்டை, ஏறக்குறைய 3,000 பவுண்டு ஆண்டு வருமானம் தரும் நிலங்கள், அரசிக்கும் அரசரின் மகள்களுக்கும் அடுத்த முதல் இடம். நிபந்தனை ஒன்றுதான்: இங்கிலாந்தை விட்டுப் போகக் கூடாது. ஹென்றி பெருந்தன்மை காட்டினார் என்பார்கள். நாட்டை விட்டுப் போனால் ஆன் தம்பி வீட்டில் உட்கார்ந்து உண்மையைச் சொல்லக்கூடும். வேறொரு அரசரை மணந்து ராஜாவின் வாக்குமூலத்தைப் பொய்யாக்கவும் கூடும். அந்த வாய்க்குப் போட்ட விலைதான் 3,000 பவுண்டு. ஜூலை 28 அன்று குரோம்வெல்லின் தலை விழுந்தது; அதே நாளில் ஹென்றி கேத்தரின் ஹோவர்டை மணந்தார்.

1541 புத்தாண்டில் ஆன் ஹாம்ப்டன் கோர்ட்டுக்கு வந்தார். ராஜாவுக்கு ஊதா வெல்வெட் போர்த்திய இரண்டு குதிரைகள் பரிசு. நேற்றுவரை தன் பணிப்பெண்ணாக இருந்த கேத்தரினின் முன் மண்டியிட்டார். மூவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். ராஜா படுக்கப் போன பின் இரண்டு பெண்களும் சேர்ந்து நடனமாடினார்கள். பதின்மூன்று மாதங்கள் கழித்து கேத்தரினும் வெட்டுப்பட்டார். மறுபடி ஆனை ஏற்கும்படி கிளீவ்ஸ் தரப்பு தூது விட்டது, பலிக்கவில்லை. ஹென்றி 1543இல் கேத்தரின் பாரை மணந்தார்.

தம்பியின் கதை வேறு விதமாக முடிந்தது. வில்ஹெல்ம் 1541இல் நவார் நாட்டின் 12 வயது இளவரசி ஜானைப் பிரான்சின் ஏற்பாட்டில் மணந்தார். மணமகள் கோவிலுக்குள் நடந்துபோக மறுக்க, பிரபு ஒருவர் தூக்கிக்கொண்டு போனார். 1543 ஆகஸ்டில் சார்லஸின் படை டியூரனைக் கொளுத்தியது. அடுத்த மாதமே வில்ஹெல்ம் கெல்டர்ஸை ஒப்படைத்துச் சரணடைந்தார். ஆதாயம் இல்லாமல்போன அந்தத் திருமணமும் 1545இல் ரத்தானது. காரணம் அதுவேதான்: சம்மதம் இன்மை, தாம்பத்தியம் நடவாமை. இங்கே மணமகள் சொன்னதைக் கேட்டார்கள், ஏனென்றால் இப்போது அது எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

1547இல் ஹென்றி செத்த பிறகு ஆனின் கை தாழ்ந்தது. சிறுவன் எட்வர்டின் ஆலோசகர்கள் ரிச்மண்டையும் பிளெச்சிங்லியையும் வாங்கிக்கொண்டார்கள். நாணயத்தில் வெள்ளி குறைந்து விலைவாசி ஏறியிருந்தது. பெரிய பரிவாரத்தை வைத்துச் சமாளிக்கத் திணறி, உதவி கேட்டுக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். 1553இல் ஹென்றியின் மூத்த மகள் மேரி முடிசூடியபோது இளைய மகள் எலிசபெத்துடன் ஒரே வண்டியில் ஊர்வலம் வந்தார். அதுதான் கடைசிப் பொது நிகழ்ச்சி. அடுத்த ஆண்டு மேரிக்கு எதிராக எழுந்த வயட் கலகத்தில் அவருக்குப் பங்கு உண்டோ என்று சந்தேகம் எழுந்தது; ஆதாரம் எதுவும் இல்லை. அதன் பின் அரசவைக்கு அவர் அதிகம் வரவில்லை.

1557 ஜூலை 16 அன்று செல்சீயில், 41 வயதில் இறந்தார். உயில் விரிவானது. வேலைக்காரர்களுக்குத் தனித்தனியாகப் பணம், அவர் வாழ்ந்த ஊர்களின் ஏழைகளுக்குத் தர்மம், மேரிக்கும் எலிசபெத்துக்கும் நகை. தன் பணிப்பெண் ஒருத்திக்கு வேலை கொடுக்கும்படி எலிசபெத்திடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. வேலைக்காரர்களிடம் தாராளமானவர், வீட்டை நன்றாக நடத்தியவர் என்று பின்னால் வரலாறு எழுதிய ஹாலின்ஷெட் சொல்வது இந்த உயிலோடு பொருந்துகிறது. யாருடைய வழக்குக்காகவும் எழுதப்படாத ஆவணம் அது. அந்தப் பெண்ணை அறிய விரும்புகிறவர்கள் 1540 ஜூலை வாக்குமூலங்களை அரசரின் மனநிலைக்கான சான்றாக மட்டும் வைத்துக்கொண்டு, ஆனுக்கு இந்த உயிலிலிருந்து தொடங்குவதே நியாயம்.

மேரியின் உத்தரவில் அரச மரியாதையுடன் அடக்கம் நடந்தது. ஹென்றியின் ஆறு மனைவியரில் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் புதைக்கப்பட்டவர் ஆன் ஆஃப் கிளீவ்ஸ் ஒருவர்தான்.